கையஸ் மாரியஸ்: நிலமற்றவர்களின் தளபதி

யூலியஸ் சீசரின் பெயரைக் கேள்விப்படாத தமிழர் அரிது. ஆனால் சீசரின் தகப்பனாருடைய சகோதரியை மணந்தவர், நம் முறைப்படி சீசருக்கு மாமா, யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ரோமக் குடியரசு எப்படிப் பேரரசாகியது என்பதை அறிய விரும்புகிறவர் சீசரிடமிருந்து தொடங்கினால், நாடகத்தின் கடைசி அங்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஆகிவிடுவார். முதல் அங்கத்தின் நாயகன் அந்த மாமாதான். அவர் பெயர் கையஸ் மாரியஸ். கி.மு. 157 அளவில் பிறந்து கி.மு. 86 இல் இறந்தவர். ரோமின் மிக உயர்ந்த பதவியான கொன்சல் பதவியை அதுவரை யாரும் வகித்திராத அளவுக்கு ஏழு தடவை வகித்தவர்.

ரோமுக்குத் தென்கிழக்கே சுமார் 100 கிலோமீற்றர் தொலைவில், மலைச்சரிவில் இருக்கிறது ஆர்ப்பினம் என்ற சிற்றூர். பிற்காலத்தில் நாவலர் சிசரோ பிறந்ததும் இதே ஊரில்தான். அவ்வூர் மக்களுக்கு முழுமையான ரோமக் குடியுரிமை கிடைத்தது கி.மு. 188 இல். மாரியஸ் பிறந்தபோது அந்த உரிமைக்கு ஒரு தலைமுறை வயதுதான் ஆகியிருந்தது. அவருடைய பெற்றோர் கூலிக்கு உழைத்த ஏழைகள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இன்றைய ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. உள்ளூரில் வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதுவே சரியாகப் படுகிறது. கையில் காசில்லாமல் ரோமில் தேர்தலுக்கு நிற்க முடியாது. ஆனால் உள்ளூர்ச் செல்வாக்கு வேறு, ரோமின் செல்வாக்கு வேறு. முன்னோரில் ஒருவர்கூடக் கொன்சலாக இருந்திராத ஒருவரை அங்கே புதிய மனிதர் என்று அழைப்பார்கள். அது பாராட்டு அல்ல.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அக்கால ரோமின் படை எப்படி அமைந்திருந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே நிலையான கூலிப்படை கிடையாது. சொத்து உள்ள குடிமகன் தன் சொந்தச் செலவில் வாளும் கேடயமும் வாங்கிக்கொண்டு போருக்கு வருவான். போர் முடிந்ததும் தன் வயலுக்குத் திரும்பிவிடுவான். சொத்தில்லாதவனுக்குப் படையில் இடமில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் எதைக் காக்கப் போரிடுவான் என்பது இதற்குப் பின்னால் இருந்த எண்ணம். வாக்களிக்கும் பிரிவுகளும் இதே சொத்துக் கணக்கின்படிதான் பிரிக்கப்பட்டிருந்தன. ஆக வாக்கு, வாள், வயல் மூன்றும் ஒரே கையில் இருந்தன.

நோர்வேயில் வாழ்கிறவர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. இங்கும் 1628 இல், டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியான் மன்னர் படை அமைத்தபோது, சில பண்ணைகளை ஒரு கட்டாகச் சேர்த்து, கட்டுக்கு ஒரு சிப்பாய் தரவேண்டும் என்று விதித்தார். நிலம்தான் படைக்கு ஆளைத் தந்தது. 1814 அரசியலமைப்பு அந்தக் கடமையை நிலத்திலிருந்து எடுத்துக் குடிமகனின் தலையில் வைத்தது. குரோருட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கும், நோர்வேக் குடியுரிமை இருந்தால், 17 வயதில் இராணுவத்திடமிருந்து கேள்விக்கொத்து வந்து சேர்கிறது. 2015 தொடக்கம் கட்டாயச் சேவை பெண்பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. இவ்வூர்ப் பெயரின் இறுதியில் வரும் ருட் என்பதற்குக் காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். ஒஸ்லோவைச் சுற்றி இப்படி முடியும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். வெட்டித் திருத்திய நிலத்துக்கு மனிதன் திரும்பிப் போக வேண்டும். போக முடியாமல் செய்தால் என்ன நடக்கும்? ரோமில் அதுதான் நடந்தது.

இத்தாலிக்குள்ளே, ஒரு கோடைகாலப் போராக இருந்தவரை உழவன் போரிட்டுவிட்டு அறுவடைக்கு வீடு வந்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் போர்கள் ஸ்பெயினுக்கும் ஆபிரிக்காவுக்கும் கிரேக்கத்துக்கும் ஆசியாவுக்கும் நகர்ந்தன. ஸ்பெயினில் ஆறு வருடம் இருந்துவிட்டு வருகிறவனின் வயல் என்ன ஆகியிருக்கும்? மறுபுறம், வெற்றிகள் ரோமுக்குள் கொட்டிய செல்வத்துக்கு அளவில்லை. கி.மு. 167 இல் மசிடோனியாவை வென்று கொண்டுவந்த திரவியத்தால், ரோமக் குடிமக்கள் கட்டிவந்த நேர்வரியையே நிறுத்த முடிந்தது. அதே ஆண்டில் எபிரஸ் நாட்டில் மாத்திரம் 150,000 பேரை அடிமைகளாகப் பிடித்தார்கள் என்கின்றன பழைய நூல்கள். அந்தத் திரவியத்தில் நிலம் வாங்கி, அந்த அடிமைகளைக் கொண்டு உழுதவர்கள் செல்வர்கள். சிறு உழவர்கள் அடியோடு மறைந்துவிட்டார்கள் என்று முன்பு எழுதுவார்கள். அகழாய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பல பகுதிகளில் சிறு பண்ணைகள் தொடர்ந்து இருந்திருக்கின்றன. எனினும் படைக்கு ஆள் திரட்டுவது பெரும் தலைவலியாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. கி.மு. 151 இலும் 138 இலும், ஸ்பெயினுக்கு ஆள் சேர்த்த கொன்சல்களையே மக்கள் தீர்ப்பாளர்கள் பிடித்துச் சிறையில் போட்டார்கள். படைக்குத் தகுதி தரும் சொத்தின் அளவு 11,000 ஆஸ் நாணயத்திலிருந்து 4,000 ஆகவும் பின்னர் 1,500 ஆகவும் இறங்கியதாகத் தெரிகிறது.

கி.மு. 133 இல் திபேரியஸ் கிராக்கஸ் என்ற மக்கள் தீர்ப்பாளர், பொதுநிலத்தைப் பிரித்து நிலமற்றவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். செனட் சபையினரும் அவர்களுடைய ஆட்களும் அவரையும் அவரோடு இருந்த 300 பேரையும் தடியால் அடித்தே கொன்றார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அவருடைய தம்பிக்கும் ஏறக்குறைய அதே கதி. மாரியஸ் அப்போது வளர்ந்துவந்த இளம் அரசியல்வாதி. நிலம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்.

திபேரியஸ் கொல்லப்பட்ட அந்த வருடத்தில் மாரியஸ் ஸ்பெயினில், நுமான்சியா முற்றுகையில் இருந்தார். தளபதி சிப்பியோ எமிலியானஸ், கார்த்தேஜை அழித்தவர். தன்னுடைய குதிரையையும் ஆயுதங்களையும் கோவேறு கழுதையையும் ஒழுங்காக வைத்திருந்த மாரியஸ் என்ற இளைஞனை அவர் கவனித்துப் பாராட்டினாராம். அதே பாசறையில் நுமீடிய நாட்டுக் குதிரைப்படையோடு வந்திருந்த இன்னோர் இளைஞனும் தளபதியின் பாராட்டைப் பெற்றான். அவன் பெயர் யுகூர்த்தா. இருவரும் ஒரே தளபதியிடம் ஒரே கலையைக் கற்றார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து ஒருவரையொருவர் பாலைவனத்தில் துரத்தப் போகிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அரசியலில் மாரியஸ் ஏறிய ஏணி வழுக்கல் ஏணி. கி.மு. 119 இல் மக்கள் தீர்ப்பாளரானார். வாக்களிக்கப் போகும் ஒடுங்கிய மேடைப்பாதையை இன்னும் ஒடுக்கி, பக்கத்தில் நின்று செல்வர்கள் வாக்காளரை மிரட்டுவதைத் தடுக்கும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்த்த கொன்சலைச் சிறையிலடைக்கப் போவதாக மிரட்டினார். அந்தக் கொன்சல், மாரியஸின் குடும்பத்துக்கு நெடுங்காலம் ஆதரவு தந்துவந்த மெட்டெல்லஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதே வருடம் மலிவு விலைத் தானியம் பற்றிய ஒரு யோசனையை மக்களுக்கு எதிராக நின்று தோற்கடித்தார். இரு பக்கமும் பகை. பின்னர் ஒரே நாளில் இரண்டு பதவித் தேர்தல்களில் தோற்ற பெருமையும் அவருக்கு உண்டு. கி.மு. 115 இல் பிரீட்டர் பதவியைக் கடைசி இடத்தில் வந்து பிடித்தார். அதற்கும் இலஞ்ச வழக்கு வந்தது. நடுவர்களின் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்ததால் தப்பினார். கி.மு. 110 அளவில் யூலியா என்ற பெண்ணை மணந்தார். யூலியஸ் குடும்பம் வீனஸ் தேவதையின் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பழங்குடும்பம். ஆனால் அப்போது பையில் காசு குறைவு. ஒருவரிடம் பெயர் இருந்தது, மற்றவரிடம் பணம் இருந்தது. இதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நுமீடியா இன்றைய அல்ஜீரியாவின் கிழக்குப் பகுதி. யுகூர்த்தா தன்னுடைய இரு சகோதரர்களையும் கொன்று அரசைப் பிடித்தான். கி.மு. 112 இல் சிர்த்தா நகரைப் பிடித்தபோது அங்கிருந்த இத்தாலிய வணிகர்களையும் வெட்டினான். ரோம் போர் தொடுத்தது. அனுப்பிய தளபதிகளில் சிலர் காசு வாங்கிக்கொண்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கி.மு. 109 இல் குயின்டஸ் மெட்டெல்லஸ் என்ற நேர்மையான தளபதி போனார். மாரியஸை உதவித் தளபதியாக அழைத்துச் சென்றவரும் அவரே. அங்கே மாரியஸ் சிப்பாய்களோடு சேர்ந்து அகழி வெட்டினார், அவர்கள் தின்ற ரொட்டியைத் தின்றார். சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் மாரியஸின் பெயர் நிறைந்தது. கொன்சல் தேர்தலுக்கு நிற்க ரோம் போக விடை கேட்டபோது, அவசரப்படாமல் என் மகனோடு சேர்ந்து நிற்கலாமே என்ற பொருளில் மெட்டெல்லஸ் சொன்னாராம். மகனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். கொன்சலாக நிற்க இன்னும் இருபது வருடமாவது ஆகும். மாரியஸ் அந்தச் சொல்லை மறக்கவில்லை. தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில்தான் விடை கிடைத்தது. போனார், வென்றார். கி.மு. 107 க்கு கொன்சல்.

நுமீடியப் போரை மெட்டெல்லஸே தொடர வேண்டும் என்று செனட் முடிவு செய்திருந்தது. மக்கள் பேரவை ஒரு தீர்மானத்தால் அந்த முடிவைத் தூக்கியெறிந்து, போரை மாரியஸிடம் கொடுத்தது. எந்தப் படை எந்தத் தளபதிக்கு என்பது அதுவரை செனட்டின் கையில் இருந்த விடயம். இதற்குப் பிறகு ஆசை உள்ள எவரும் மக்களிடம் நேரே போய்க் கேட்கலாம் என்றாயிற்று.

இரண்டாவது காரியம் இன்னும் பெரியது. படைக்கு ஆள் சேர்க்கும்போது மாரியஸ் சொத்துக் கணக்கைப் பார்க்கவில்லை. தலையைத் தவிர வேறெதையும் கணக்கில் காட்ட முடியாதவர்களையும் விருப்பத்தின்பேரில் சேர்த்தார். பாடநூல்கள் பலவும் இதை மாரியஸின் இராணுவச் சீர்திருத்தம் என்று ஒரு பெரிய திட்டமாக எழுதும். ஆயுதம், பயிற்சி, படைப்பிரிவு அமைப்பு எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றிவைக்கும். கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் இந்தச் சித்திரத்தை வெகுவாக உடைத்துவிட்டன. மாற்றங்கள் பல அவருக்கு முன்பே தொடங்கியவை, சில அவருக்குப் பின் வந்தவை. கட்டாய ஆள்சேர்ப்பும் அவரோடு நின்றுவிடவில்லை. கி.மு. 107 இல் அவர் சேர்த்தவர்கள், ஏற்கனவே ஆபிரிக்காவில் இருந்த படைக்கு மேலதிகமானவர்கள்தான். அவரும் இதை ஒரு கொள்கையாகச் செய்யவில்லை. ஆள் வேண்டியிருந்தது, ஆள் கிடைத்த இடத்தில் எடுத்தார். ஆனால் விளைவு அந்த எண்ணத்தைக் கேட்டு நடக்கவில்லை. வயலுக்குத் திரும்புகிறவனுக்குப் போர் ஓர் இடையூறு. வயலே இல்லாதவனுக்குப் போர்தான் பிழைப்பு. பிழைப்பு முடியும் நாளில் அவன் யாரைப் பார்ப்பான்? அரசு அவனுக்கு ஒரு பிடி மண்ணும் உறுதி சொல்லவில்லை. தளபதி சொன்னார்.

யுகூர்த்தாவோடு நடந்த போர் ஓடிப்பிடிக்கும் போர். காப்சா என்ற பாலைவன நகரை மாரியஸ் இரவுப் பயணங்களால் திடீரென்று அடைந்தார். சரணடைந்த பிறகும் நகரை எரித்தார், வயதுவந்த ஆண்களைக் கொன்றார், மற்றவர்களை விற்றார். இதைப் போர்ச் சட்டத்துக்கு மாறானது என்று அக்கால எழுத்தாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு செங்குத்தான மலைக்கோட்டையைப் பிடிக்க வழி தெரியாமல் இருந்தபோது, லிகூரியச் சிப்பாய் ஒருவன் நத்தை பொறுக்கிக்கொண்டே பாறையில் ஏறி உச்சிக்கு வழி கண்டுபிடித்தானாம். நத்தைக்குப் போனவன் கோட்டையைப் பிடித்துக் கொடுத்தான்.

முடிவு போர்க்களத்தில் வரவில்லை. கி.மு. 105 இல் யுகூர்த்தாவின் மாமனாரான மௌரித்தானிய மன்னன் பொக்குஸ் மருமகனைப் பிடித்துக் கொடுத்தான். பேச்சுவார்த்தைக்குத் துணிந்து தனியாகப் போனவர் மாரியஸின் கீழிருந்த பொருளாளர், லூசியஸ் கொர்னீலியஸ் சுல்லா. அந்தக் காட்சியை முத்திரை மோதிரத்தில் பொறித்து, வாழ்நாள் முழுவதும் அதையே சுல்லா அணிந்துகொண்டார். வெற்றிவிழா எடுத்தவர் மாரியஸ். மோதிரம் ஒவ்வொரு கடிதத்திலும் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது.

இனி நம்முடைய வடதிசைக்கு வருகிறோம். ஒஸ்லோவிலிருந்து கப்பலில் போனால் கட்டெகாட் கடலுக்கு மேற்கே யூட்லாந்து தீபகற்பம். அதன் வடபகுதியில் ஹிம்மர்லாந்து என்ற மாவட்டம் உண்டு. கிம்பிரி என்ற மக்களின் பெயரை அந்த இடம் இன்னமும் சுமப்பதாகக் கருதப்படுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் வீடுவாசலை விட்டு, வண்டிகளில் பெண்டு பிள்ளைகளோடு தெற்கே புறப்பட்டார்கள். கடல் பொங்கி நிலத்தை மூடியது என்று ஒரு கதை அக்காலத்திலேயே இருந்தது. புவியியலாளர் ஸ்திராபோ அதை நம்பவில்லை. காரணம் எதுவானாலும் அவர்கள் கேட்டது ஒன்றுதான். குடியிருக்க நிலம். டியூட்டன், அம்புரோன் என்ற மக்களும் சேர்ந்துகொண்டார்கள். கி.மு. 113 இல் நொரேயாவில் தொடங்கி ரோமப் படைகளை அடுத்தடுத்துத் தோற்கடித்தார்கள். கி.மு. 105 ஒக்ரோபர் 6 இல், ரோன் நதிக்கரையில் அரவ்சியோவில் நடந்தது பேரழிவு. இரண்டு ரோமத் தளபதிகள் அங்கே இருந்தார்கள். ஒருவர் பழங்குடும்பத்து கீப்பியோ, மற்றவர் புதிய மனிதரான மல்லியஸ். புதிய மனிதரோடு ஒரே பாசறையில் இருக்க மாட்டேன் என்று கீப்பியோ தனியே நின்றார். 80,000 சிப்பாய்கள் மாண்டதாகப் பழைய நூல்கள் கூறும். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். பீதி மிகையல்ல.

அந்தப் பீதியில் ரோம் தன்னுடைய சட்டத்தையே மறந்தது. ஒருவர் மறுபடி கொன்சலாகப் பத்து வருடம் செல்ல வேண்டும் என்பது மரபும் சட்டமும். மாரியஸை ஊரில் இல்லாதபோதே தேர்ந்தெடுத்தார்கள். கி.மு. 104, 103, 102, 101, 100 என்று தொடர்ந்து ஐந்து வருடம் அவரே கொன்சல். பத்து மாதத்தில் முடிந்துபோகும் போருக்காக அமைந்த ஒரு வருடப் பதவி, உலகளாவிய போருக்குப் போதவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதிர்ஷ்டவசமாக வடக்கத்தியர் உடனே இத்தாலிக்கு வராமல் ஸ்பெயின் பக்கம் திரும்பினார்கள். கிடைத்த அவகாசத்தில் மாரியஸ் படையைப் பழக்கினார். சிப்பாய் தன் உணவு, பாத்திரம், கருவி எல்லாவற்றையும் ஒரு கவைக்கோலில் கட்டித் தோளில் சுமக்க வேண்டும். மாரியஸின் கோவேறு கழுதைகள் என்று தங்களைத் தாங்களே அவர்கள் கேலியாக அழைத்துக்கொண்டார்கள். கழுகுக் கொடியை ஒவ்வொரு லீஜியனுக்கும் தலைக்கொடியாக்கியவர் அவர்தான் என்று பிளினி எழுதுகிறார். சும்மா இருந்தால் படை கெட்டுவிடும் என்று, ரோன் நதியின் முகத்துவாரத்தில் ஒரு கால்வாய் வெட்டவைத்தார். பிரான்சின் பெரிய துறைமுகங்களில் ஒன்றான மார்செய்க்கு அருகில் உள்ள ஃபொஸ் என்ற ஊரின் பெயர் அந்தக் கால்வாயிலிருந்து வந்தது.

கி.மு. 102 இல் டியூட்டன்கள் வந்தார்கள். மாரியஸின் பாசறையைக் கடந்துபோக அவர்களுக்கு ஆறு நாள் எடுத்ததாம். போகிற போக்கில், ரோமில் உள்ள மனைவிமாருக்கு ஏதாவது சேதி சொல்ல வேண்டுமா என்று கேலி செய்தபடி போனார்கள். மாரியஸ் கதவைத் திறக்கவில்லை. பின்தொடர்ந்து போய், அக்குவே செக்ஸ்தியே என்ற இடத்தில், மேட்டில் நின்றுகொண்டு, 3,000 பேரைப் பின்புறக் காட்டில் மறைத்துவைத்துப் போரிட்டார். டியூட்டன்கள் அழிந்தார்கள். மறுவருடக் கோடையில் வடஇத்தாலியில் வெர்சேலியில் கிம்பிரிகளும் அழிந்தார்கள். அங்கே கட்டுலஸ் என்ற இன்னொரு தளபதியும் இருந்தார். சுல்லா அப்போது அவரிடம் இருந்தார். வெற்றி யாருடையது என்ற சண்டை வெற்றியின் மறுநாளே தொடங்கிவிட்டது. வண்டிகளில் இருந்த கிம்பிரிப் பெண்கள் பிள்ளைகளைக் கொன்று தாங்களும் மாண்டதாக எழுதியிருக்கிறார்கள். எஞ்சியவர்கள் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். நிலம் தேடி வந்த ஒரு மக்களை, நிலமில்லாத சிப்பாய்கள் அழித்தார்கள்.

ரோமின் மூன்றாவது நிறுவனர் என்று மாரியஸைக் கொண்டாடினார்கள். அந்த இடத்தில் அவர் இறந்திருந்தால் பள்ளிப் புத்தகங்களில் சிலை வைத்திருப்பார்கள்.

சிப்பாய்களுக்குக் கொடுத்த வாக்கு இருந்ததே! கி.மு. 103 இலேயே சட்டுர்னினஸ் என்ற மக்கள் தீர்ப்பாளரின் துணையால், ஆபிரிக்காவில் போரிட்டவர்களுக்கு ஆளுக்கு 100 யூகேரம், நம் கணக்கில் அறுபது ஏக்கருக்குச் சற்று மேல், நிலம் கொடுக்கும் சட்டம் வந்திருந்தது. அது வெறும் தாளோடு போகவில்லை. தூனிசியாவில் உச்சி மாயுஸ், திபாரிஸ் ஆகிய ஊர்கள் பல தலைமுறை கழித்தும் தம் பெயரோடு மாரியஸின் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கி.மு. 100 இல் வடக்குப் போர்ச் சிப்பாய்களுக்கும் நிலம் கொடுக்கச் சட்டுர்னினஸ் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார். இம்முறை பழைய சிப்பாய்களே தடிகளோடு வந்து பேரவையில் எதிர்த்தவர்களை அடித்து விரட்டினார்கள். சட்டத்தை மதிப்பதாகச் செனட்டர்கள் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஒரு விதி. மறுத்தவர் மெட்டெல்லஸ் ஒருவர்தான். நாட்டை விட்டுப் போனார். சட்டுர்னினஸின் கூட்டாளி போட்டியிட்ட கொன்சல் தேர்தலில் எதிர்வேட்பாளர் பட்டப்பகலில் அடித்துக் கொல்லப்பட்டபோது, செனட் அவசரநிலையை அறிவித்து, நாட்டைக் காக்கும்படி கொன்சலிடம் கேட்டது. கொன்சல் மாரியஸ். தன்னுடைய கூட்டாளிகளையே கப்பிட்டோல் குன்றில் முற்றுகையிட்டு, தண்ணீர்க் குழாயை அறுத்தார். சரணடைந்தவர்களைச் செனட் மண்டபத்தில் பூட்டிவைத்தார். அவர்களைக் காப்பாற்ற நினைத்தார் என்றே தோன்றுகிறது. கூட்டம் கூரையில் ஏறி, ஓடுகளைக் கழற்றி எறிந்து அவர்களைக் கொன்றது. மக்கள் அவரைத் துரோகி என்றார்கள். செனட் அவரைத் தன்னவராக ஏற்கவில்லை. போர்க்களத்தில் ஆறு நாள் பொறுத்திருக்கத் தெரிந்தவருக்கு அரசியலில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

பிறகு பத்து வருடம் ஓரமாக இருந்தார். கி.மு. 91 இல் இத்தாலிய நட்பு ஊர்கள் குடியுரிமை கேட்டு ஆயுதம் எடுத்தன. ரோமின் போர்களில் பாதிச் சுமையைத் தூக்கியவர்கள் அவர்கள். கேட்டது நியாயம். போரிட்டுத் தோற்கடித்தபடியே ரோம் அவர்கள் கேட்டதைக் கொடுத்தது. அந்தப் போரில் மாரியஸ் நிதானமாக, சுல்லா பளிச்சென்று பெயரெடுத்தார். கி.மு. 88 இல் சுல்லா கொன்சல். கிழக்கே பொன்டஸ் மன்னன் மித்ரிதாத்தஸுடன் போர். ஆசியாவின் செல்வம் முழுதும் அந்தப் போரில் காத்திருந்தது. செனட் சுல்லாவிடம் கொடுத்தது. எழுபதை நெருங்கிய மாரியஸ் தினமும் மைதானத்துக்குப் போய் வாலிபர்களோடு பயிற்சி செய்து, தனக்கு இன்னும் வலு இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் பரிதாபப்பட்டார்கள். சுல்பிசியஸ் என்ற மக்கள் தீர்ப்பாளர் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி, போரைச் சுல்லாவிடமிருந்து பறித்து மாரியஸிடம் கொடுத்தார். பத்தொன்பது வருடம் முன்பு மெட்டெல்லஸுக்குச் செய்த அதே வித்தை.

மெட்டெல்லஸ் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார். சுல்லா நோலாவில் இருந்த தன்னுடைய ஆறு லீஜியன்களிடம் போனார். மாரியஸ் வந்தால் வேறு ஆட்களைத்தான் ஆசியாவுக்குக் கூட்டிப்போவார் என்று சிப்பாய்கள் பயந்தார்கள். படையைப் பொறுப்பேற்க வந்த அதிகாரிகளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். சுல்லா ரோமை நோக்கிப் படையை நடத்தியபோது, உயர் அதிகாரிகளில் ஒரேயொருவரைத் தவிர எல்லோரும் விட்டு ஓடினார்கள். சிப்பாய்களில் ஒருவரும் விலகவில்லை. ரோமப் படை ரோமுக்குள் ஆயுதத்தோடு நுழைந்தது அதுவே முதல் தடவை. என் கருத்தில் குடியரசு செத்த நாள் சீசர் ரூபிக்கன் ஆற்றைக் கடந்த நாளல்ல, இந்த நாள்தான். சுல்லா மாரியஸின் எதிரி. ஆனால் அவரிடம் இருந்தது மாரியஸ் காட்டிய வழியில் உருவான சிப்பாய்.

மாரியஸ் ஓடினார். தெற்கே மின்துர்னே என்ற ஊரின் சதுப்பில், கழுத்தளவு சேற்றில் ஒளிந்திருந்தவரை இழுத்து வந்தார்கள். ஊர் அதிகாரிகள் அவரைக் கொல்ல ஒருவனை அனுப்பினார்கள். அவன் ஒரு கிம்பிரி என்கிறார்கள் சிலர், கோல் நாட்டவன் என்கிறார்கள் சிலர். இருட்டறைக்குள் போனவன் வாளைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தான். ஊரார் மனம் மாறி அவரைக் கப்பலேற்றினார்கள். ஆபிரிக்காவில் கரையிறங்கியபோது அங்கிருந்த ஆளுநர் இடம் தரவில்லை. தன் தளபதி சிப்பியோ எரித்த கார்த்தேஜின் இடிபாடுகளுக்கிடையே அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்த காட்சியை ஓவியர்கள் பலர் வரைந்திருக்கிறார்கள். கடைசியில் கெர்கென்னா தீவுகளில் தங்கினார்.

கி.மு. 87 இல் சுல்லா கிழக்கே போனதும், கின்னா என்ற கொன்சலோடு சேர்ந்து திரும்பினார். எத்ரூரியாவில் இறங்கி அடிமைகளை விடுவித்துப் படை சேர்த்தார். நகரத்துக்குள் வந்த பிறகு ஐந்து நாள் கொலை. மாரியஸ் பதில் வணக்கம் சொல்லாதவர்களை அவருடைய மெய்க்காவலர்கள் அந்த இடத்திலேயே வெட்டினார்களாம். பேச்சாளர் மார்க்கஸ் அந்தோனியஸின் தலை சபை மேடையில் வைக்கப்பட்டது. வெர்சேலியில் கூட நின்று போரிட்ட கட்டுலஸ், புதிதாகச் சாந்து பூசிய அறையில் கரி மூட்டி, புகையில் மூச்சடைத்து உயிர் விட்டார். கி.மு. 86 சனவரி முதலாம் நாள் மாரியஸ் ஏழாவது தடவை கொன்சலானார். சில நாட்களில் படுக்கையில் விழுந்தார். காய்ச்சலில், ஆசியாவில் படை நடத்துவதாக நினைத்துக் கைகளை வீசிக் கட்டளையிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். அம்மாத நடுவில் இறந்தார்.

சுல்லா திரும்பி வந்து, கி.மு. 82 இல் வாளால் மீண்டும் ரோமைப் பிடித்து, மாரியஸின் சாம்பலைத் தோண்டி அனியோ ஆற்றில் எறிந்தார். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைச் சந்தியில் ஒட்டினார். அவர்களுடைய நிலங்கள் சுல்லாவின் சிப்பாய்களுக்குப் போயின. இனி இதுவே முறை. பொம்பேயின் சிப்பாய்களுக்குச் செனட் நிலம் மறுத்தது. கி.மு. 59 இல் கொன்சலான சீசர் வாங்கிக் கொடுத்தார். கி.மு. 69 இல் அத்தை யூலியாவின் சவ ஊர்வலத்தில், தடை செய்யப்பட்டிருந்த மாரியஸின் உருவங்களைத் துணிந்து தூக்கி வந்தவரும் அந்த மருமகன்தான். கி.மு. 49 இல் அவர் ஒரே ஒரு லீஜியனோடு ரூபிக்கனைக் கடந்தார்.

இந்தக் கடனைத் தீர்த்தவர் சீசரின் வளர்ப்பு மகன், அகுஸ்தஸ். கி.மு. 31 இல் அக்தியம் போருக்குப் பிறகு சுமார் அறுபது லீஜியன்களை இருபத்தெட்டாகக் குறைத்தார். கி.பி. 6 இல் படைக்கென்று தனிக் கருவூலம் அமைத்து, தன் சொந்தப் பணத்திலிருந்து 170 மில்லியன் செஸ்தர்ஸ் போட்டார். சொத்துரிமையில் நூற்றுக்கு 5 உம் ஏல விற்பனையில் நூற்றுக்கு 1 உம் வரி விதித்தார். ஓய்வுபெறும் சிப்பாய்க்கு 12,000 செஸ்தர்ஸ். திபேரியஸ் கிராக்கஸ் செனட்டிடம் கேட்டதற்கும் இதற்கும் நடுவில் ஏறக்குறைய 140 வருடம். செனட் இதைச் செய்திருந்தால் சிப்பாய் செனட்டைப் பார்த்திருப்பான். செய்தவர் ஒரு தனி மனிதர் ஆனபடியால், அவன் அவரையே பார்த்தான். குடியரசின் பதவிப் பெயர்கள் ஒன்றுகூட நீக்கப்படவில்லை.

அகுஸ்தஸ் கி.மு. 30 இல் எகிப்தைப் பிடித்ததால், செங்கடல் வழியாகத் தமிழகத்துக்குக் கப்பல்கள் பெருகின. வருடம் 120 கப்பல்கள் அங்கிருந்து இந்தியாவுக்குப் போவதாக ஸ்திராபோ எழுதுகிறார். பாண்டிய மன்னனிடமிருந்து அகுஸ்தஸுக்குத் தூது போனதையும் அவர்தான் சொல்கிறார். கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் மிகுதியானவை அகுஸ்தஸுடையவையும் அவருக்குப் பின் வந்த திபேரியஸுடையவையும். சிப்பாய்க்குச் சம்பளமாகப் போன அதே காசு மிளகுக்கு விலையாக இங்கு வந்தது. புதுக்கோட்டையில் 1898 இல் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில், மன்னரின் தலைக்குக் குறுக்கே யாரோ உளியால் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக நிறுத்துக்கொள்ளலாம் என்பதற்கான அடையாளம் அது என்று நாணயவியலாளர்கள் கருதுகிறார்கள்.